வேணும்னே கிழிக்கிற சத்தம்

அந்தப் பெடலில் குறைகள் இருந்தன. அத்தனையும் எனக்குத் தெரியும். ஐந்து நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவள் நான்தான். ஆனால் என் குழுவில் இருந்தவர்கள் சொன்ன குறை அதில் இல்லை. மூன்று வருஷம் கழித்தும் என் கோபம் அந்த இடத்திலேயே நிற்கிறது. இருக்கிற குறையைச் சொல்லியிருந்தால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் அரியலூர் மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசிப்பேன். திருச்சியில் படித்தபோது ஹாஸ்டலுக்குப் பக்கத்துச் சர்ச்சில் பாட்டுக் குழுவோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டது. கூடப் படித்த சீனியர் அக்கா கல்யாணமாகிப் போகும்போது அவருடைய எலக்ட்ரிக் கிடாரை எனக்கே விட்டுவிட்டுப் போனார். அந்த வட்டாரத்தில் மேடையேறி கிடார் வாசிக்கும் பெண் நான் ஒருத்திதான் என்பதைக் குழுத் தலைவர் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மைக்கில் அறிவிப்பார். அறிவித்துவிட்டு என் வால்யூமைக் குறைக்கச் சொல்வார்.

தலைவரை எல்லோரும் அண்ணே என்போம். கீபோர்டு வாசித்தவர் அவருடைய மச்சான். அந்த வருஷம் மச்சான் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கினார். அதில் புல்லாங்குழல் இருந்தது, நாகஸ்வரம் இருந்தது, கிடாரும் இருந்தது. ஆடி மாதம், நிகழ்ச்சி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை முடிந்ததும் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் கிடாரையும் கீபோர்டிலேயே எடுத்துவிடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். வேனில் ஒரு சீட் மிச்சம், ஒரு பெண்ணை இருட்டுவதற்குள் வீட்டில் விடும் பொறுப்பும் மிச்சம். என் நன்மைக்காகத்தான் சொல்வதாகவும் சொன்னார்.

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார்.

"ஆவணியில அரியலூர்லயே ஒரு ரிசப்ஷன் இருக்கு. அதுல நீ வாசிக்கிறது கீபோர்டால முடியாதுன்னு கேக்கறவனுக்குத் தெரியணும். தெரிஞ்சா நீ இரு. நான் ஏன் வேண்டாங்கப் போறேன்."

கீபோர்டால் முடியாதது எது என்று அன்றைக்குப் பஸ்ஸிலேயே யோசித்தேன். கம்பியை விரலால் வளைத்துச் சுரத்தை ஏற்றுவது முடியாது. தட்டிய சுரத்தை நீளமாக இழுத்து, அது தேயத் தேய உறுமவிடுவது முடியாது. முதலாவதற்கு என் விரல் போதும். இரண்டாவதற்குக் கிடாரிலிருந்து வரும் சத்தத்தை நடுவழியில் மாற்றுகிற கருவி வேண்டும். எக்கோ, அலையடிக்கிற சத்தம், உறுமல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்து, காலால் மிதித்து மாற்றுகிற மாதிரி வருவதுதான் மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடல். திருச்சிக் கடையில் ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். அதன் விலையைக் கேட்டதோடு சரி.

லப்பைக்குடிக்காட்டில் துபாய் சாமான் விற்கும் ஒரு கடையில் காலால் மிதிக்கிற ஏதோ ஒன்று கிடக்கிறது என்று எங்கள் லேபில் கூட வேலை பார்த்தவள் சொன்னாள். அவளுக்கு அதே ஊர். சனிக்கிழமை மத்தியானம் அவளோடு போனேன். கடைக்காரர் சென்ட் பாட்டில், கம்பளி, டார்ச் லைட்டுக்கெல்லாம் பின்னாலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

"என் மச்சான் இதைத் தையல் மெஷின் பெடல்னு நெனச்சு வாங்கிட்டு வந்துட்டான்மா," என்றார். "இங்க வந்து பாத்தா ஊசியும் இல்ல, வீலும் இல்ல."

கேட்ட விலை என் சம்பளத்தில் பாதிகூட இல்லை. திருச்சியில் கேட்டதற்கு மூன்றில் ஒரு பங்கு. வேலை செய்யுமா என்று கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும். எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை கடை தெறக்க மாட்டேன். வியாழக்கிழமைக்குள்ள காசு குடு, இல்ல சாமானக் குடு. எதுல என்ன கொறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அடுத்த தடவை மச்சான் போறப்ப சொல்லி அனுப்பணும்."

வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்ல ஐந்து நாள் இருந்தது. எச்.ஓ.டி.யிடம் அனுமதி வாங்கி, மாணவர்கள் போன பிறகு சாயந்திரம் லேபில் உட்கார்ந்தேன். எதைச் சோதித்தாலும் முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். பிடித்ததை முதலில் பார்த்தால் பிடிக்காதது கண்ணில் படாது.

முதல் விஷயம் கரண்ட். கூட வந்த அடாப்டரில் துபாய்க்காரர்களின் தடிமனான மூன்று முனைப் பிளக். நம் சுவரில் நுழையாது. அதற்கு மாற்றுப் பிளக் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. கையிலிருந்த வேறொரு அடாப்டரைப் போட்டுப் பார்த்தேன். கிடாருக்குள் வண்டு புகுந்த மாதிரி ஓயாத ரீங்காரம். ஆக, அதன் சொந்த அடாப்டரைத் தொலைத்தால் பெடலையே தொலைத்த மாதிரி. முதல் குறை.

இரண்டாவது, ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நடுவில் ஒரு சின்ன மௌனம் விழுந்தது. பாட்டின் நடுவே மிதித்தால் ஒரு சுரம் காணாமல் போகும். மூன்றாவது, கம்பெனியே போட்டுக் கொடுத்த சத்தங்களில் ஒன்று கிசுகிசுக்கும், அடுத்தது காதில் அறையும். நான்காவது, வாசிக்காதபோது இரைச்சல் வராமல் அடைக்க உள்ளே ஒரு வசதி உண்டு. அது இரைச்சலோடு சேர்த்து என் நீண்ட சுரத்தின் வாலையும் நறுக்கியது. ஐந்தாவது, பக்கத்தில், பாதத்தை முன்னும் பின்னும் சாய்த்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சாய்மிதி பிளாஸ்டிக் கீலில் ஆடியது. ஒரு வருஷத்துக்குமேல் தாங்காது என்று அன்றைக்கே தோன்றியது. ஆறாவது, இரண்டு மிதி பட்டன்களும் நெருக்கமாக இருந்தன. ஷூ போட்ட ஆளுக்காகச் செய்ததே அல்ல. எனக்கு அது வசதி, வெறுங்காலின் பெருவிரல் சரியாக உட்கார்ந்தது.

கடைசியாக உறுமலைப் பார்த்தேன். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஒழுங்கான அலை ஒன்றை உள்ளே அனுப்பி, வெளியே வருவதை, அலையை வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. திரையில் விட்டேன். மேடும் பள்ளமுமாக வழுவழுவென்று போன அலை, தலை சீவப்பட்டுத் தட்டையாக வந்தது. பாடம் எடுக்கும்போது இதைத்தான் கோளாறு என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மீறி ஓட்டினால் இப்படித்தான் ஆகும். இங்கே அதே கோளாறை அளந்து, வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளக் குமிழ் கொடுத்திருந்தார்கள். ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டுக் கிடாரைச் செருகி ஒரு கம்பியைத் தட்டி வளைத்தேன். அந்தச் சத்தம் லேபின் இரும்பு ஸ்டூல்களை அதிரவைத்தது. விலை அதிகமான பெடலின் உறுமலுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கும்தான். அரியலூர் கல்யாண மண்டபத்தில் அந்த வித்தியாசம் எவர் காதுக்கும் எட்டாது.

கம்பெனி சத்தங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். நானே இரண்டு செய்தேன். ஒன்று சுத்தமான சத்தம், லேசாக அலையடிக்கும். மற்றொன்று உறுமல், கொஞ்சம் எக்கோவோடு. இரண்டின் அளவையும் மீட்டரில் ஒன்றாக்கினேன். அடைக்கிற வசதியைத் தளர்த்தினேன். மாற்றும்போது விழும் மௌனத்தை மறைக்க, சுரங்களுக்கு நடுவே இயல்பாக மூச்சு விடுகிற இடத்தில் மிதிக்கப் பழகினேன். இந்த விலைக்கு இது நல்ல பொருள். வியாழக்கிழமை காசைக் கொடுத்தேன். கடையில் கூட்டம் இருந்ததால் குறைகளை அப்புறம் வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஒத்திகை, அரியலூரில் ஒரு மாட்டுத்தீவனக் கடையின் மாடியில். சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் நடுங்கும், வாத்தியங்கள்மேல் வெள்ளையாகப் படியும். நான் பெடலைத் தரையில் வைத்துச் செருகினேன். தலைவர் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. மச்சானைப் பார்த்து, "என்னன்னு செக் பண்ணிடு" என்றார்.

மச்சான் என் கிடார் ஒயரைப் பிடுங்கித் தன் கீபோர்டைச் செருகினார். நான் ஒதுக்கிவைத்த கம்பெனி சத்தங்களையே ஒவ்வொன்றாக ஓட்டினார். கிணற்றுக்குள் தவளை கத்துகிற மாதிரி ஒன்று, ரயில் போகிற மாதிரி ஒன்று. அவரே சிரித்தார். நான் செய்த இரண்டு எந்த எண்ணில் இருக்கின்றன என்று சொன்னேன். அந்தப் பக்கமே போகவில்லை.

"வெளையாட்டுச் சாமான்ணே," என்று தலைவரிடம் தீர்ப்புச் சொன்னார். "இன்ஜினியர் பாப்பா ஏமாந்துடுச்சு."

தலைவருக்குக் கவலை வேறு. வாத்தியத்தைக் காலால் மிதிப்பதா என்றார். நிகழ்ச்சிக்கு முன்னால் எல்லா வாத்தியத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுகிற குழு நம்முடையது, அதில் ஒரு பெண் பிள்ளை மிதித்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவன் என்ன சொல்வான் என்றார்.

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அதையே பேசுவார்கள்.

"கீபோர்டுக்குக் கீழ அண்ணன் மிதிக்கிறது என்னங்க?"

"அது சுரத்த நீட்டுற சஸ்டெயின்மா," என்றார் தலைவர், அதுவே பதில் என்பதுபோல.

டிரம்ஸ் வாசிப்பவர் பின்னாலிருந்து, "நானும் காலாலதான் மிதிச்சுட்டு இருக்கேன், எனக்கும் பாவம் சேருதுங்களாண்ணே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அத்தோடு போயிற்று. நான் வாசித்துக் காட்டவேயில்லை. இதை அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். பெடலைப் பற்றி அத்தனை பேரும் பேசினார்கள், அது எதற்கு வந்ததோ அந்தச் சத்தத்தை யாரும் கேட்கவில்லை.

ரிசப்ஷன் அன்று பட்டுப்புடவை கட்டிவரச் சொல்லியிருந்தார்கள். சூடம் காட்டும்போது தலைவர் பெடலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். எங்கே வைத்தார் என்றால், எந்தச் சத்தத்தில் இருக்கிறது என்று எண் காட்டுகிற சின்னக் கண்ணாடியின்மேல். முந்தானையால் துடைத்தேன். நின்று பார்த்தால் கொசுவம் எண்ணை மறைத்தது. பரவாயில்லை, இரண்டே சத்தம், பெருவிரலுக்கு இடம் தெரியும்.

இனி மைக் செட்டுக்காரர். எங்கள் குழு எப்போதும் அவரைத்தான் கூப்பிடும். வயதானவர், அந்த மாதம்தான் புதுப் பாக்ஸ் ஸ்பீக்கர்கள் இறக்கியிருந்தார். மைக் செட் உலகத்தில் 'கிழியுது' என்றொரு சொல் உண்டு. சத்தம் அளவு மீறி ஸ்பீக்கர் கரகரப்பதை அப்படிச் சொல்வார்கள். விட்டால் உள்ளே இருக்கிற காகிதக் கூம்பு நிஜமாகவே கிழிந்துவிடும். ஒரு மைக் செட்டுக்காரரிடம் 'உங்க பாக்ஸ் கிழியுது' என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இது எனக்குத் தெரியும். அதனால் ஜனம் வருவதற்கு முன்பே, எல்லா வாத்தியத்தின் சத்தத்தையும் அவர் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். நாலாவது பாட்டின் நடுவில் கிடார் கரகரவென்று வரும், அது நான் வைப்பது, ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது, அளவு நான் பார்த்திருக்கிறேன். தலையாட்டினார். சரிம்மா என்றார்.

நாலாவது பாட்டு வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு எதிரே சோபாவில். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் என் இடம். மிதித்தேன். முதல் சுரத்தைத் தட்டி வளைத்தேன். மண்டபம் முழுக்க அது ஏறியது. முன்வரிசையில் சாப்பாட்டுக்கு எழுந்த ஒருவர் அப்படியே நின்று திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு சுரம், இரண்டு சுரம்.

பிறகு என் சத்தம் இல்லை.

விரல் ஓடுகிறது, கம்பி அதிர்வது விரலுக்குத் தெரிகிறது, பாக்ஸிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒயர் கழன்றதா, அடாப்டர் போயிற்றா, மிதி தவறியதா என்று வரிசையாக நினைத்துக் குனிந்தேன். கொசுவத்துக்குக் கீழே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் என்னுடைய சுரங்களே, நான் வாசித்துக்கொண்டிருக்கும் அதே வரி, பக்கத்திலிருந்து கிளம்பியது. மச்சான் கீபோர்டில் வாசித்தார். ஒரு சுரம்கூடத் தடுமாறவில்லை. ஒத்திகையில் நான் வாசித்துக் காட்டாத வரி அது. போன வருஷ நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்துப் பழகியிருக்கிறார், நன்றாகவே பழகியிருக்கிறார். நின்று திரும்பிய ஆள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நான் பாட்டு முடியும் வரை வாசித்தேன். நிறுத்தினால் வாசிக்கத் தெரியாமல் நிறுத்தினாள் என்பார்கள்.

மொய் எழுதுகிறவர்கள் வரிசை கட்டியதும் இடைவேளை விட்டார்கள். நேராக மிக்சருக்குப் போனேன். மைக் செட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் தானே பேசினார்.

"பாக்ஸ் கிழிஞ்சுதும்மா. சட்டுனு மூடிட்டேன்."

அது பாக்ஸ் இல்லை என்றேன். ஹெட்போனை அவர் காதில் வைக்கச் சொல்லிவிட்டு மேடையேறி, முதலில் சுத்தமான சத்தத்தையும் பிறகு உறுமலையும் மெதுவாக வாசித்தேன். திரும்பி வந்தபோது ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இது வேணும்னே கிழிக்கிறதா?"

"ஆமாங்க. முன்னாடியே வந்து சொன்னேனே."

"நீ சொன்ன. சொல்லலைங்கல. அதுக்கப்புறம் உங்க அண்ணன் வந்து, கிடார் கிழிஞ்சா உடனே மூடிடுங்க, கீபோர்டு பாத்துக்கும்னாரு. என்னைக் கூப்பிட்டது அவரும்மா. நான் யாரு பேச்சக் கேப்பேன்?"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் காது சரியாகத்தான் கேட்டது. தலை சீவப்பட்ட அலையைத் தலை சீவப்பட்ட அலை என்றுதான் கேட்டது. என் கோபம் மேடைக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

தலைவரிடம் போய், மூடச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. பெடலில் ரிப்பேர் இருக்கிறது, மச்சான் அன்றைக்கே சொன்னான், புது ஸ்பீக்கர் போனால் யார் பதில் சொல்வது என்றார். கீபோர்டு நன்றாகத்தானே எடுத்தது, ஜனம் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். பிறகு குரலை இறக்கி, இனிமேல் நான் அலைய வேண்டாம், வேலையைப் பார்க்கலாம், நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்றார். எனக்கு வைத்த பரீட்சைக்கு விடை முன்பே எழுதியாயிற்று. நான் மட்டும்தான் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனேன். கிடாரை உறையில் போட்டேன். ஒயரைச் சுற்றினேன். அடாப்டரைக் கழற்றிக் கைப்பையில் வைத்தேன். பெடலை எடுக்கக் குனிந்தபோது மச்சான் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் தலைவர்.

"அது இருக்கட்டும்மா," என்றார் தலைவர். "காசு குடுத்துடறேன். தம்பி கீபோர்டுக்கு எக்கோ நல்லாருக்குங்கறான்."

அவர் முகத்தையே பார்த்தேன். கொஞ்சமும் கூச்சமில்லை. தான் சொன்னது தனக்கே ஞாபகமில்லை போலிருந்தது.

"ரிப்பேர்னு சொன்னீங்களேண்ணே," என்றேன். "ரிப்பேர் சாமானக் குடுத்துட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

டிரம்ஸ்காரர் குச்சியை வாயில் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். நான் பெடலைக் கிடார் உறையின் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். இன்னும் இருட்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மண்டபத்திலிருந்து அடுத்த பாட்டு தெருமுனை வரை கேட்டது. கிடார் வர வேண்டிய இடத்தில் கிடார் மாதிரி ஒன்று வந்தது. கிடார் மாதிரிகூட இல்லை. அதற்கு வளையத் தெரியவில்லை. அதை நின்று கேட்கிற ஆள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தக் குழுவுக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. கூப்பிடவும் இல்லை. மேடையில் அவர்கள், கிடார் வாசித்த பொண்ணுக்குப் பெடல் ஒத்துவரவில்லை என்று சொல்லிக்கொள்வதாக டிரம்ஸ்காரர் பஸ்ஸில் பார்த்தபோது சொன்னார்.

லப்பைக்குடிக்காட்டுக் கடைக்கு அடுத்த வாரம் போனேன். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு ஸ்டூலைத் தள்ளினார்.

"தையல் மெஷின் ஓடுச்சாம்மா?"

"பெடல் ஓடுச்சுங்க பாய்."

அந்தப் பதிலில் ஏதோ இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கிளறவில்லை. சரி, குறையைச் சொல்லு என்றார். சொன்னேன். அடாப்டர், நடுவில் விழும் மௌனம், ஏறி இறங்கும் சத்தம், வாலை நறுக்குவது, பிளாஸ்டிக் கீல். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார், புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. இந்த விவகாரத்தில் எனக்கு அது முதல் தடவை.

"அப்ப இனிமே கொண்டாராதன்னு மச்சானுக்குச் சொல்லிடவா?"

"கொண்டாரச் சொல்லுங்க. இந்த விலைக்கு நல்ல சாமான். நானே நாலு பேருக்குச் சொல்றேன்," என்றேன். "ஒண்ணு மட்டும் பாய். கிழியுதுன்னு எவராவது திருப்பிக் கொண்டாந்தா வாங்கிக்காதீங்க. அது ரிப்பேர் இல்ல."